நீலத் தட்டு தந்த ஜோசையா ஸ்போட்

இங்கிலாந்து நாட்டின் ஸ்டாஃபர்ட்ஷயர் பகுதியில் 1733ஆம் ஆண்டு ஜோசையா ஸ்போட் பிறந்தார். ஆறு வயதிலேயே தந்தையை இழந்தார். கதியற்றோரைப் புதைக்கும் குழியில்தான் தந்தைக்கு இடம் கிடைத்தது என்றால், அக்குடும்பத்தின் வறுமையை நாம் எளிதில் உணரலாம்.

1749இல், பதினாறு வயதுச் சிறுவனாகத் தாமஸ் வீல்டன் என்னும் பெயர்பெற்ற பாண்டத் தொழிலாளரிடம் வேலைக்குச் சேர்ந்தார். வாரக்கூலி 2 ஷில்லிங் 3 பென்ஸ். தகுதியுடையவன் என்று தெரிந்தால் இன்னும் 3 பென்ஸ். வீல்டனின் குறிப்பேட்டில் இது பதிவாகியுள்ளது. அதில் அவருடைய பெயர்கூடப் பிழையாகவே எழுதப்பட்டிருக்கிறது. பின்னாளில் அந்தப் பெயரைத்தான் பழம்பொருள் சேகரிப்போர் தட்டுகளைத் திருப்பித் திருப்பித் தேடினார்கள்!

1754இல் எல்லன் என்னும் நங்கையை மணந்தார். அம்மையார் நூல், நாடா முதலியவை விற்கும் கடை நடத்தியவர். 1776இல் ஸ்டோக் நகரில் ஸ்போட் சொந்தமாக ஓர் ஆலையை வாங்கினார்.

வெள்ளைப் பீங்கானில் நீலச் சித்திரம் தீட்டிய கலங்கள் அந்நாளில் சீனாவிலிருந்து கப்பலேறி வந்தன. கையால் வரைந்த அத்தகைய கலம் எளியோர் வீட்டு மேசைக்கு எட்டாத பொருள். சித்திரத்தை அச்சிட்டால் என்ன? ஊஸ்டர், காஃப்லி ஆலைகள் பீங்கானில் அதை முன்பே செய்து வந்தன. விலை குறைந்த மண்கலத்தில், மெருகுக்கு அடியில், நீல அச்சைச் செம்மையாகப் பதிக்கும் முறையை ஸ்போட் 1784இல் நிலைநாட்டினார். காஃப்லியிலிருந்து வந்த செதுக்குநர் தாமஸ் லூக்கஸும் அச்சாளர் ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸும் இதற்குத் துணைநின்றனர்.

செப்புத் தகட்டில் சித்திரத்தைச் செதுக்குவார்கள். கோபால்ட் கலந்த எண்ணெய் மையைச் சூடான தகட்டில் தேய்த்து, மெல்லிய தாளில் அச்செடுப்பார்கள். அத்தாளைக் கத்தரித்து, ஒருமுறை சுட்ட கலத்தின்மேல் ஒட்டி, தூரிகையால் அழுத்தித் தேய்ப்பார்கள். நீரில் நனைத்தால் தாள் அகன்றுவிடும், சித்திரம் நிற்கும். எண்ணெய் போகச் சூளையில் வாட்டி, மெருகில் முக்கி, மீண்டும் சுட்டால் நீலம் பளிச்சிடும். தாளைக் கத்தரித்தவர்கள் பெரும்பாலும் நம் வயதுச் சிறுமியர், ஒட்டியவர்கள் பெண்கள். அவர்கள் பெயரை எந்தத் தட்டிலும் காணோம்.

ஸ்போட் 1797இல் காலமானார். அவர் பெயரையே தாங்கிய மகன் தொழிலை வளர்த்தார். யானையும் புலிவேட்டையும் கொண்ட இந்தியக் காட்சித் தட்டுகள், 1807இல் வெளிவந்த ஒரு வேட்டை நூலின் படங்களைப் பார்த்து, மகன் காலத்தில் செய்யப்பட்டவை. ஸ்டோக் ஆலை 2008 வரை இயங்கியது.

பழைய நீலத் தட்டொன்று கையில் கிடைத்தால் முதலில் அதைக் கவிழ்த்துப் பார்ப்போம். ஸ்போட் என்ற பெயர் அழுத்தப்பட்டிருக்கலாம். பெயரே இல்லாமலும் இருக்கலாம். பெயர் இருந்தால் மட்டும் நம்பிவிடலாகாது, பிற்காலத் தட்டுகளிலும் அது உண்டு. சூளையில் தட்டைத் தாங்கிய முட்டுகளின் சிறு வடுக்கள் தெரிகின்றனவா? அடி வளையத்தருகே மெருகு தேங்கி நீலம் பாய்ந்திருக்கிறதா? பிறகு நிமிர்த்தி, விளிம்பின் பூவேலையை விரலால் சுற்றி வருவோம். ஓரிடத்தில் கொடி சற்றே விலகி நிற்கும், அல்லது ஒரு பூ பாதியில் நின்றுவிடும். தாளின் இரு முனைகளும் சந்தித்த இடம் அது. அச்சுத் தட்டு என்பதற்கு அதுவே சான்று. ஒட்டிய பெண்ணின் விரல் பட்ட இடமும் அதுவே.