தூக்கம் தடுக்காத துணிச்சல்!

குழந்தைகளே! சுரங்கத்தில் நைட் ஷிப்ட் முடித்து வரும் நெய்வேலி அப்பாக்கள் பகலில் தூங்குவார்கள். அவர்களை யாரும் சோம்பேறி என்பதில்லை. ஆனால், வகுப்பில் அடிக்கடி தூங்கி விழும் மாணவனைக் கேலி செய்கிறோம். அது நோயாகவும் இருக்கலாம் அல்லவா? திடீர் தூக்கம் என்ற தொல்லையோடு வாழ்ந்து, வரலாறு படைத்த ஒரு பெண்மணியைத் தெரிந்து கொள்வோமா?

அவர் பெயர் ஹாரியட் டப்மன். அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில், 1822-ம் ஆண்டு வாக்கில், கறுப்பின அடிமைக் குடும்பத்தில் பிறந்தார். சிறுமியாக இருந்தபோது ஒருநாள் கடைக்குப் போனார். அங்கே, வேலையை விட்டு வந்துவிட்ட ஓர் அடிமையைப் பிடித்துக் கட்ட உதவும்படி கங்காணி கட்டளையிட்டான். ஹாரியட் மறுத்தார். தப்பி ஓடியவனைக் குறி வைத்துக் கங்காணி எறிந்த இரும்பு எடைக்கல், ஹாரியட்டின் தலையில் விழுந்து மண்டை உடைந்தது.

அன்று முதல் வேலையின் நடுவிலும், பேச்சின் நடுவிலும் திடீரென்று தூங்கிவிடுவார். சிறிது நேரத்தில் தானே விழித்து, விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

1849-ல் தப்பிச் சென்று விடுதலை பெற்றார். ஆனால், தான் மட்டும் தப்பினால் போதும் என்று இருந்துவிடவில்லை. சுமார் 13 முறை ரகசியமாகத் திரும்பி வந்து, பெற்றோர், சகோதரர்கள் உள்பட ஏறக்குறைய 70 பேரை மீட்டார். இரவில் நடை, பகலில் காட்டில் பதுங்கல். வழியில் ஹாரியட் தூங்கிவிட்டால், அவர் விழிக்கும்வரை மற்றவர்கள் காத்திருப்பார்கள். அவர் அழைத்து வந்தவர்களில் ஒருவர்கூடப் பிடிபடவில்லை!

1863-ல், உள்நாட்டுப் போரின்போது, கம்பாஹி ஆற்றங்கரையில் ராணுவத்துக்கு வழிகாட்டி, 700-க்கும் மேற்பட்ட அடிமைகள் விடுதலை பெற உதவினார். 1913-ல் காலமானார்.

அவருக்கு இருந்தது ஒருவகை வலிப்பு நோய் என்று பல மருத்துவர்களும், 'நார்கோலெப்சி' என்று சிலரும் கருதுகின்றனர். நார்கோலெப்சி என்பது, இரவில் தூங்கினாலும் பகலில் அடக்க முடியாத தூக்கம் வரும் நோய். நம்மை விழிப்புடன் வைத்திருக்கும் ஹைப்போகிரெட்டின் என்ற பொருள் மூளையில் குறைந்து போவதே பலருக்கும் இது வரக் காரணம். சிலருக்குச் சிரித்தாலே உடல் தளர்ந்துவிடும். இதை முழுவதும் குணப்படுத்த முடியாது. ஆனால், மருந்தும், நேரம் குறித்துப் போடும் குட்டித் தூக்கமும் நன்கு உதவும்.

உங்கள் நண்பன் அடிக்கடி தூங்கி விழுகிறானா? சிரிக்காதீர்கள். ஆசிரியரிடமோ, அவன் பெற்றோரிடமோ சொல்லி, டாக்டரைப் பார்க்கச் செய்யுங்கள். ஹாரியட்டின் தோழர்களைப் போல, அவன் விழிக்கும்வரை காத்திருங்கள். அதுவே நல்ல நட்பு!