கிளாரன்ஸ் குக் லிட்டில்

கிளாரன்ஸ் குக் லிட்டில் (அக்டோபர் 6, 1888 – டிசம்பர் 22, 1971) ஓர் அமெரிக்க மரபியல் அறிஞர் ஆவார். புற்றுநோய் ஆய்வுக்கான தூய வழிச் சுண்டெலிகளை முதன்முதலில் உருவாக்கியவர். ஜாக்சன் ஆய்வகத்தின் நிறுவனரும் இவரே.

வாழ்க்கைச் சுருக்கம்

மசாசுசெட்ஸ் மாநிலத்தின் புரூக்லைன் நகரில் பிறந்த லிட்டில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வில்லியம் காசிலிடம் மரபியல் பயின்றார். பின்னர் மேய்ன் (1922–1925), மிச்சிகன் (1925–1929) பல்கலைக்கழகங்களின் தலைவராகப் பணியாற்றினார். 1929 இல் மேய்ன் மாநிலத்தின் பார் ஹார்பரில் ஜாக்சன் ஆய்வகத்தை நிறுவினார். 1947 இல் ஏற்பட்ட தீ விபத்தில் ஆய்வகம் அழிந்தது. முன்னர் அங்கிருந்து சுண்டெலிகளைப் பெற்றிருந்த பிற ஆய்வகங்கள் அவற்றின் வழித்தோன்றல்களைத் திருப்பி அனுப்பியதால் இனவழிகள் மீட்கப்பட்டன.

ஆய்வுகள்

கலப்பினச் சுண்டெலி ஒன்றின் கட்டியை மற்றொன்றில் பதித்தால், உடல் அதனை அயற்பொருளாகக் கருதிப் பெரும்பாலும் நிராகரித்துவிடும். இதற்குத் தீர்வாக லிட்டில் 1909 இல் உடன்பிறந்த சுண்டெலிகளைத் தலைமுறைதோறும் இணைத்து டிபிஏ இனவழியை உருவாக்கத் தொடங்கினார். இருபது தலைமுறைகளுக்குப் பின் இத்தகைய எலிகள் மரபியலளவில் ஏறத்தாழ ஒன்றாகிவிடும். 1921 இல் இவர் தொடங்கிய சி57பிளாக் இனவழி இன்று மிகப் பரவலாகப் பயன்படுகிறது.

1954 இல் இவ்வினவழி எலி ஒன்றில் தானாகத் தோன்றிய பி16 என்னும் கருநிறப் புற்று, புற்றுநோய்ப் பரவலை ஆராய உதவுகிறது. இதன் உயிரணுக்களை எலியின் பாதத்தில் செலுத்தினால், அவை நிணநீர் நாளங்கள் வழியாக முழங்காலின் பின்புறமுள்ள நிணநீர்க்கணுவை அடைகின்றன. அங்கிருந்து அவை எவ்வாறு பரவுகின்றன என்பதைப் படிப்படியாகக் கண்டறிய இயலும்.

விமர்சனங்கள்

1929 முதல் 1945 வரை அமெரிக்கப் புற்றுநோய்க் கட்டுப்பாட்டுச் சங்கத்தை வழிநடத்திய லிட்டில், 1954 இல் புகையிலை நிறுவனங்கள் அமைத்த ஆய்வுக்குழுவின் அறிவியல் இயக்குநரானார். புகைபிடித்தல் நுரையீரல் புற்றுநோயை உண்டாக்குகிறது என்பது மெய்ப்பிக்கப்படவில்லை என வாதிட்டார். புற்றுநோய்த் துறையில் இவர் பெற்றிருந்த நன்மதிப்பு அந்நிறுவனங்களுக்கு அரணாக அமைந்தது. இனமேம்பாட்டுக் கொள்கையையும் இவர் ஆதரித்தார். இக்காரணங்களால் மிச்சிகன் பல்கலைக்கழகம் 2018 இல் தனது அறிவியல் கட்டிடத்திலிருந்து இவர் பெயரை நீக்கியது.