வால்டர் டான்டி

வால்டர் எட்வர்ட் டான்டி (ஏப்ரல் 6, 1886 - ஏப்ரல் 19, 1946) ஓர் அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர் ஆவார். மூளையையும் தண்டுவடத்தையும் காற்றின் துணையுடன் எக்ஸ்-கதிர்ப் படமெடுக்கும் முறையை உருவாக்கியவர். பேச்சு வழக்கில் ஜவ்வு விலகல் எனப்படும் முள்ளெலும்பிடை வட்டு நழுவலை அறுவை மூலம் நீக்கிய முன்னோடிகளுள் ஒருவர். எனினும் அந்நோய்க்கு அறுவைக்கு முன் ஊசிமருந்து செலுத்திப் படமெடுப்பதை அவரே பின்னாளில் எதிர்த்தார்.

வாழ்க்கை

மிசௌரி மாநிலத்தின் செடேலியா நகரில், அமெரிக்காவில் குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தார். 1910 இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளியில் பட்டம் பெற்று, ஹார்வி குஷிங்கிடம் பணிபுரிந்தார். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. 1912 இல் பாஸ்டன் சென்ற குஷிங், டான்டியை உடன் அழைத்துச் செல்லவில்லை. டான்டி இறுதிவரை பால்டிமோரிலேயே பணியாற்றினார்.

காற்றுப் படம்

எலும்பு எக்ஸ்-கதிர்ப் படத்தில் தெளிவாகத் தெரியும். மூளையும் தண்டுவடமும் தெரிவதில்லை. 1918 இல் டான்டி மூளை அறைகளிலுள்ள நீரை வெளியேற்றி, அவ்விடத்தில் காற்றைச் செலுத்திப் படமெடுத்தார். மறு ஆண்டு முதுகின் வழியாகவும் காற்றைச் செலுத்தினார். தண்டுவடக் கட்டிகளின் இடத்தை இவ்வாறு அறியலாம் என்றும் சுட்டினார். நோயாளிக்குக் கடும் தலைவலி தந்த, ஆபத்தும் நிறைந்த முறை இது. குஷிங் இதனை ஐயத்துடனேயே நோக்கினார்.

பிரான்சில் சிக்கார், பாரஸ்டியர் ஆகியோர் 1920களின் தொடக்கத்தில் காற்றுக்குப் பதிலாக அயோடின் கலந்த எண்ணெயைப் பயன்படுத்தினர். நோயாளியைச் சாய்க்கும்போது எண்ணெய் எங்கு தடைபடுகிறதோ அங்கு அழுத்தம் இருப்பதாகக் கொள்ளப்பட்டது.

வட்டு நழுவல்

1929 இல் டான்டி இரு நோயாளிகளைப் பற்றி எழுதினார். கட்டி என்று கருதித் திறந்தபோது, வட்டிலிருந்து பிரிந்த குருத்தெலும்புத் துண்டுகளே நரம்புகளை அழுத்திக்கொண்டிருந்தன. இக்கட்டுரை பெரிதும் கவனிக்கப்படவில்லை. பெருமை 1934 இல் கட்டுரை வெளியிட்ட மிக்ஸ்டர், பார் ஆகியோரையே சேர்ந்தது.

1941 இல் அவர் எதிர்த்திசையில் வாதிட்டார். எண்ணெய் உடலிலேயே தங்கிவிடுகிறது. சில வட்டுச் சிதைவுகள் படத்தில் தென்படுவதுமில்லை. எனவே நோயாளியின் வரலாறும் உடல் பரிசோதனையும் போதும் என்பது அவர் நிலைப்பாடு. எண்ணெயைப் பொறுத்தவரை அவர் கூறியது சரியே. அது தண்டுவட உறைகளில் அழற்சியை உண்டாக்கியதால் பின்னர் கைவிடப்பட்டது. ஆனால் படமின்றித் திறந்து பார்க்கும் துணிவு அவரைப் போன்ற கைத்திறன் உள்ளோருக்கே பொருந்தும்.

பின்னர்

டான்டி மாரடைப்பால் இறந்தார். வேலூரில் ஜேக்கப் சாண்டி 1949 இலும், சென்னையில் பி. ராமமூர்த்தி 1950 இலும் நரம்பியல் அறுவைப் பிரிவுகளைத் தொடங்கியபோது, சி.டி. ஸ்கேன் கிடையாது, அதன் முதல் மூளைப் படம் இலண்டனில் 1971 இல்தான் எடுக்கப்பட்டது. 1980களில் பரவிய எம்.ஆர்.ஐ., ஊசியின்றியே வட்டைக் காட்டியது. வலியே இல்லாத பலரிடமும் வட்டுப் பிதுக்கம் இருப்பதை அதே எம்.ஆர்.ஐ. வெளிப்படுத்தியதால், படத்தை மட்டும் கொண்டு இன்று அறுவை முடிவு செய்யப்படுவதில்லை.