காட்டை மீட்க முனைந்த கான்ட்லி

இன்று லிட்டில் இந்தியா என்று நாம் அழைக்கும் சிராங்கூன் சாலை வட்டாரத்தில், 19ஆம் நூற்றாண்டில் மாட்டுத் தொழுவங்கள் பல இருந்தன. கண்டாங் கெர்பாவ் என்னும் மலாய்ப் பெயருக்கு எருமைத் தொழுவம் என்பதே பொருள். அதே காலத்தில், நகருக்கு அப்பால் சிங்கப்பூரின் காடுகள் வேகமாக மறைந்துகொண்டிருந்தன.

அதற்கு முக்கியக் காரணம் கேம்பியர் பயிர். தோலைப் பதப்படுத்தப் பயன்பட்ட அதன் சாற்றை எடுக்க, இலைகளைக் கொப்பரைகளில் காய்ச்சினர். அடுப்பெரிக்க மரங்கள் வெட்டப்பட்டன. சில ஆண்டுகளில் மண்ணின் வளம் குன்றியதும், தோட்டக்காரர்கள் அந்நிலத்தைக் கைவிட்டு வேறு காட்டை அழித்தனர். கைவிடப்பட்ட நிலத்தில் லாலாங் புல் மண்டியது. வறண்ட நாள்களில் அது எளிதில் தீப்பற்றியதால், இளங்கன்றுகள் தலையெடுக்க முடியவில்லை.

இந்நிலையில், 1880இல் பூமலையின் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்றார் நத்தேனியல் கான்ட்லி. அவர் அதற்குமுன் மொரீஷியஸ் தீவின் தாவரத் தோட்டத்தில் பணியாற்றியவர். நீரிணைக் குடியேற்றங்களின் காடுகளை ஆராய்ந்து, 1883இல் அரசாங்கத்திடம் அறிக்கை அளித்தார். சிங்கப்பூரின் பழைய காட்டில் ஏறத்தாழ 7 விழுக்காடே எஞ்சியிருந்தது என்பது அப்போது தெரியவந்தது.

அறிக்கையோடு அவர் நின்றுவிடவில்லை. அவரது பரிந்துரையின்படி புக்கிட் தீமா உள்ளிட்ட இடங்கள் வனக்காப்பிடங்களாக ஒதுக்கப்பட்டன. மரக்கன்றுகள் நாற்றுப்பண்ணையில் வளர்க்கப்பட்டு, லாலாங் படர்ந்த நிலங்களில் நடப்பட்டன. மரங்களின் நிழல் விழுந்தால், வெயிலை விரும்பும் அந்தப் புல் தானே ஒடுங்கிவிடும். ஆனால், நிழல் தரும் அளவுக்கு மரம் வளரப் பல ஆண்டுகள் ஆகும். அதைக் காணக் கான்ட்லிக்கு வாய்ப்புக் கிட்டவில்லை. 1888இல் விடுப்பில் சென்றிருந்தபோது, டாஸ்மேனியாவில் அவர் காலமானார்.

பிற்காலத்தில் அந்தக் காப்பிடங்களுள் பெரும்பாலானவை கைவிடப்பட்டன. புக்கிட் தீமா இன்றும் பழங்காட்டின் ஒரு பகுதியைக் காத்து நிற்கிறது. கென்ட் ரிட்ஜ் போன்ற இடங்களில், வளம் இழந்த நிலத்தில் தியுப் தியுப் மரங்கள் தாமாகவே வளர்ந்தன. எனினும், நூறாண்டுக்குப் பின்னும் அங்குப் பழங்காட்டின் உயரமோ வகைமையோ திரும்பவில்லை.

மரங்கள் காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்வாங்கி, கரிமத்தைத் தண்டிலும் வேரிலும் சேமிக்கின்றன என்பதை இன்று நாம் அறிவோம். புவி வெப்பமடைவதைக் குறைக்க, 2020இல் சிங்கப்பூர் பத்து லட்சம் மரங்களை நடும் இயக்கத்தைத் தொடங்கியது. புதிய கன்றுகளை நடுவது நல்லது. இருக்கும் காட்டை இழக்காமல் காப்பது அதனினும் நல்லது. கான்ட்லியின் வாழ்வு நமக்கு உணர்த்தும் பாடம் இதுவே.