ஊரார் வீட்டுக் குளிரைப் போக்கிய ரம்ஃபோர்ட்!

ரேடியேட்டர்னு சொன்னா நமக்குக் கார்தான் ஞாபகம் வரும். லண்டன்ல அது வீட்டுச் சுவரோரம் நிற்கிற இரும்புப் பலகை. பாய்லர்ல சூடான தண்ணி பைப் வழியா வந்து அதுக்குள்ள ஓடும். குளிர்காலம் தொடங்குறதுக்கு முன்னாடி அதைத் தொட்டுப் பார்ப்பாங்க. மேல்பக்கம் மட்டும் ஜில்லுன்னு இருந்தா, உள்ளே காற்று அடைச்சிருக்குனு அர்த்தம். பாய்லரை அணைச்சு, ஆறவிட்டு, ஓரத்து வால்வைச் சின்னச் சாவியால லேசா திருகினா 'உஸ்'னு காற்று போயிடும். தண்ணி சொட்டினதும் மூடிட்டு, பாய்லர்ல பிரஷர் குறைஞ்சிருக்கானு பார்க்கணும். அடிப்பக்கம் ஜில்லுன்னு இருந்தா துருச்சேறு படிஞ்சிருக்கும். அதுக்கு ஆளைக் கூப்பிட வேண்டியதுதான்.

ரேடியேட்டருக்கு முன்னாடி சோபாவைப் போட்டு மறைக்காதீங்கனும் சொல்வாங்க. சூடான காற்று மேலே போகணும், குளிர்ந்த காற்று கீழே வரணும். இந்தச் சுழற்சி திரவங்களில் எப்படி நடக்குதுனு கண்ணால பார்த்து 1797-ல் எழுதியவர், கவுன்ட் ரம்ஃபோர்ட். பெரிய தெர்மாமீட்டர் ஒன்றை ஆறட்டும்னு ஜன்னலோரம் வைத்திருந்தார். வெயில் பட்டபோது, உள்ளே இருந்த தூசுத் துகள்கள் நடுவில் ஏறி, ஓரத்தில் இறங்கிக்கொண்டிருந்தன!

அவரோட நிஜப் பெயர் பெஞ்சமின் தாம்சன். 1753-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பிறந்தவர். 19 வயதில் ஒரு பணக்கார விதவையைக் கல்யாணம் செய்தார். அமெரிக்கப் புரட்சி வெடித்தபோது பிரிட்டிஷாருக்கு ரகசிய மையில் உளவுக் கடிதம் எழுதினார். 1776-ல் மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுட்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறிட்டார். அந்த மனைவி கடைசிவரை அவரை மறுபடி பார்க்கவே இல்லை.

பிறகு ஜெர்மனியின் பவேரியாவில் பெரிய பதவி. ராணுவ உடைக்கு எந்தத் துணி நல்லதுனு சோதித்தபோதுதான், குளிரைத் தடுக்கிறது நூலைவிட அதுக்குள்ள சிக்கிக்கிட்ட காற்றுதான்னு புரிந்தது. பீரங்கியைத் துளைபோடும்போது வந்த சூட்டிலேயே இரண்டரை மணி நேரத்தில் தண்ணியைக் கொதிக்கவிட்டும் காட்டினார். கவுன்ட் பட்டம் கிடைத்தபோது அவர் தேர்ந்தெடுத்த பெயர் ரம்ஃபோர்ட். விட்டுட்டு வந்த மனைவியோட ஊரின் பழைய பெயர் அது. என்ன மனசோ!

1795-ல் லண்டன் வந்தார். அப்போ பாய்லர் ஏது? வீட்டுக்கு வீடு கணப்புதான். சூடு முக்கால்வாசி புகைபோக்கி வழியா போயிடும், புகை மட்டும் அறைக்குள்ள வரும். அவர் புகைபோக்கியின் தொண்டையை நாலு அங்குலமாகக் குறுக்கினார். கணப்பின் ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைச் சாய்த்துக் கட்டி, சூட்டை அறைப்பக்கம் திருப்பினார். எனக்குப் பிடித்தது இன்னொரு விஷயம். கரி சுத்தம் செய்ய வர்றவர் நுழையணும்னு, தேவைப்படும்போது எடுத்து வைக்கிற மாதிரி ஒரு கல்லையும் வைத்தார். பராமரிப்பை முதல்லயே யோசிச்சிருக்கார் பாருங்க. நூற்றுக்கணக்கான வீடுகளில் இப்படி மாற்றிக்கொடுத்தார். பேட்டன்ட் வாங்கவில்லை. ஜேன் ஆஸ்டின் நாவலில்கூட ரம்ஃபோர்ட் கணப்பு வருது.

1805-ல் பாரிஸில் இரண்டாவது கல்யாணம். மணமகள், விஞ்ஞானி லவோசியேயின் விதவை மேரி ஆன். வெப்பம் ஒரு பொருள்னு சொன்னவர் லவோசியே. அதைப் பீரங்கியை வைத்தே மறுத்தவர் இவர்! வீட்டில் ஒத்துப்போகவில்லை. மனைவி அழைத்த விருந்தாளிகள் நுழையாதபடி ஒருநாள் கேட்டைப் பூட்டினார். மனைவி அவரோட பூச்செடிகளில் கொதிக்கிற தண்ணியை ஊற்றினாராம். மகளுக்கு எழுதிய கடிதத்தில் அவரே இதைச் சொல்லியிருக்கார். 1809-ல் பிரிந்தார்கள்.

பாரிஸை ஒட்டிய கிராமத்தில் கடைசி வருஷங்கள். வெள்ளை உடை உடம்புச் சூட்டைக் குறைவாகவே வெளியே விடும்னு நம்பி, பனிக்காலத்திலும் வெள்ளைத் தொப்பி, வெள்ளைக் கோட்டோடுதான் பாரிஸ் தெருக்களில் போவார். 1814 ஆகஸ்ட்டில், காய்ச்சலில் இறந்தார்.