கிணற்றில் கிடந்த ஜாடி

எங்கள் ராசிங்காபுரத்து விவசாயிகள் மலைத் தோட்டத்து ஏலக்காயை விற்கப் போடிநாயக்கனூருக்குத்தான் செல்ல வேண்டும். அங்கே எடைபோடும் தராசில் அரசு முத்திரை இருந்தாக வேண்டும் என்பது சட்டம். குடிமக்களையே எடைபோடும் உளவு அமைப்புகளுக்கு அத்தகைய முத்திரை எங்கே? மகாகவி பாரதியாரின் வாழ்க்கையைப் படிக்கும்போதெல்லாம் என்னுள் எழும் கேள்வி இது.

1882-இல் எட்டயபுரத்தில் பிறந்த பாரதியார், 'இந்தியா' இதழின் மீது ஆங்கிலேய அரசின் அடக்குமுறை பாய்ந்தபோது, 1908-இல் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்றார். உளவாளிகளும் பின்தொடர்ந்தனர். அவர் வீட்டுக்கு வருவோர் கண்காணிக்கப்பட்டனர், கடிதங்கள் இடைமறிக்கப்பட்டன. ஆங்கில இந்தியாவுக்குள் நுழையத் தடை விதிக்கப்பட்ட இதழ் 1910-இல் நின்றுபோனது.

ஒருநாள் வ.வே.சு. ஐயரின் வீட்டுக் கிணற்றில் ஒரு ஜாடி கிடைத்தது. உள்ளே அரசுக்கு எதிரான துண்டறிக்கைகள் இருந்தன. தேசபக்தர்களைச் சிக்கவைக்க உளவாளிகள் செய்த சதி அது என்று அவர்களின் நண்பர்கள் பின்னாளில் எழுதிவைத்தனர். ஐயரும் பாரதியாரும் அதை மறைக்கவில்லை. பிரெஞ்சு அதிகாரிகளிடம் தாமே தெரிவித்தனர். விசாரணை நீதிபதி நேரில் வந்து சோதனையிட்டார். குற்றம் எதுவும் நிலைநாட்டப்படவில்லை. அன்று உளவாளிக்கும் கவிஞருக்கும் இடையே ஒரு நீதிபதி நின்றார். அவர்களைக் காத்தது அதுவே.

1918 நவம்பரில் பாரதியார் புதுச்சேரியை விட்டு வெளியேறியதும் கடலூர் அருகே கைதானார். மூன்று வாரங்களுக்குப் பின் நிபந்தனைகளுடன் விடுதலையானார். எழுத்தைக் காவல்துறையின் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. இங்கே குறுக்கே நிற்க நீதிபதி எவரும் இல்லை. 1921-இல் அவர் மறைந்தார்.

ஆங்கிலேயர் 1887-இல் தொடங்கிய அமைப்பின் வழிவந்ததே இன்றைய உளவுத் துறை. வெளிநாட்டு உளவுக்கான 'ரா' 1968-இல் உருவானது. இரண்டுமே நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டத்தால் அமைந்தவை அல்ல. அவற்றை மேற்பார்வையிட 2011-இல் மக்களவையில் கொண்டுவரப்பட்ட தனிநபர் மசோதாவும் சட்டமாகவில்லை. 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டமும் இவ்விரண்டுக்கும் விலக்களித்திருக்கிறது. தொலைபேசி ஒட்டுக்கேட்புக்கு அனுமதி அளிப்பவரும் அதை மறுஆய்வு செய்வோரும் அரசுச் செயலாளர்களே. பாரதியாரை வேவுபார்த்த பிரிட்டனோ, 1994-இல் சட்டமியற்றி, நாடாளுமன்ற உறுப்பினர்களைக் கொண்ட கண்காணிப்புக் குழுவை அமைத்துக்கொண்டது.

நாட்டின் பாதுகாப்புக்கு உளவு தேவை. அதை நான் மறுக்கவில்லை. ஒற்றரையே வேண்டுமென்ற வள்ளுவரும், ஓர் ஒற்றர் கொண்டுவந்த செய்தியை மற்றோர் ஒற்றரைக் கொண்டு சரிபார்க்கச் சொன்னார். மக்களாட்சியில் அந்தச் சரிபார்ப்பு நாடாளுமன்றத்தின் கடமை, நீதிமன்றத்தின் கடமை. கிணற்றில் ஜாடி கிடந்தால், அதைப் போட்டவர் யார் என்று கேட்க ஒருவர் வேண்டும்.