ஒகியா எலிக்குப் பெயரிட்டவர்

யானையைத் தேடி இலங்கைக் காடேறியோர் பலர். எலியைத் தேடிச் சென்றோர் மிகச் சிலர். அச்சிலருள் முதன்மையானவர் வில்லியம் வாட் அடிசன் பிலிப்ஸ். 1892-ஆம் ஆண்டு பிறந்த இவ்வாங்கிலேயர், இளமையிலேயே இலங்கை போந்து தோட்டத்துரையாக வாழ்ந்தவர்.

கோப்பி மலைநாட்டை ஆண்ட காலத்தில், செடிகளைக் கறித்தழித்த எலியைத் துரைமார் பகையென்றே கருதினர். பிலிப்ஸோ அதனை ஆராய்தற்குரிய உயிராகக் கண்டார்.

பத்தனை என வழங்கும் மலைப் புல்வெளியிலும் அதனை அடுத்த சோலையிலும் சிற்றுயிர் தேடுவோர், முதலில் உயிரைக் காண்பதில்லை. அதன் அடையாளங்களையே காண்பர். புல்லடியில் ஓடும் ஒடுங்கிய தடம், கறித்த தண்டு, வளைவாயில் உதிர்ந்த புதுமண், உலர்ந்த எச்சம் ஆகியவையே அவை. பின்னரே பொறி வைத்தல் வேண்டும். அகப்பட்டதன் வாலையும் பின்னங்காலையும் செவியையும் அளத்தல் வேண்டும். தோலையும் மண்டையோட்டையும் பதப்படுத்தி ஒப்புநோக்கல் வேண்டும். புகழ் தாராத இப்பணியைத் தோட்டத் தொழிலுக்கிடையே அவர் பல்லாண்டு இயற்றினார்.

பதுளை மாவட்டத்து ஒகியாவில், மேற்கு அப்புத்தளைத் தோட்டத்தில், ஏறத்தாழ 6000 அடி உயரத்திற் கிடைத்த எலியொன்றை 1929-இல் புதிய இனமென விவரித்தார். அவ்வூர்ப் பெயரையே அதற்கு இட்டார். அதே ஆண்டில் தாம் விவரித்த மூஞ்சூறு ஒன்றற்கு, எலியைக் குறிக்கும் 'மீயா' என்னும் சிங்களச் சொல்லைச் சூட்டினார். இலங்கைப் பாலூட்டிகள் பற்றிய அவரது பெருநூல் 1935-இல் வெளிவந்தது.

மூஞ்சூறு எலியினம் அன்று, பூச்சியுண்ணும் வேறோர் இனம் என்று யான் வகுப்பிற் கூறுங்கால், மாணவர் இன்றும் வியப்படைகின்றனர். நுணுகி நோக்காதவர்க்கு எல்லாம் எலியே.

பிலிப்ஸ் 1981-இல் மறைந்தார். அவ்வாண்டிலேயே அமெரிக்க அறிஞர் கை மஸ்ஸர், ஒகியா எலி பொதுவான எலிகளினின்றும் வேறுபட்டதெனக் கண்டு, இலங்கையின் பெயரால் அதற்குத் தனிப்பேரினம் வகுத்தார். அப்பேரினத்தில் உள்ளது இவ்வோர் இனமே; உலகில் வேறெங்கும் அஃது இல்லை. அதன் உறைவிடமாகிய மலைக்காடு சுருங்கியமையால், இன்று அழியும் இடருள்ளவற்றுள் ஒன்றாக எண்ணப்படுகின்றது.

காட்டை வெட்டியே தேயிலை எழுந்தது. அத்தேயிலையால் வாழ்ந்த ஒருவரே, காட்டின் மிகச் சிறிய குடிகளை ஏட்டிலேற்றினார் என்பது எண்ணத்தக்கது. ஏட்டிலிருப்பதைத் தேடலாம்; காணாதபோது காணோமென்று கேட்கவும் செய்யலாம். பெயரற்றது மறைந்தால் கேட்பார் இலர். 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட தோட்டத் தொழிலாளரின் வழிவந்த எம் மாணவர்க்கு, ஏட்டில் ஒரு பெயர் ஏறுவதன் அருமையை யான் விளக்க வேண்டியதில்லை.